பெட்டி ஒரு தோட்டத்தில், தேனீ இன்னொரு தோட்டத்தில்

வெள்ளரிக்குத் தேன்பெட்டி வேண்டும் என்று யாராவது ஃபோன் செய்தால், வெள்ளரியைப் பற்றி நான் அதிகம் கேட்பதில்லை. சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் வேறு என்ன பூத்திருக்கிறது என்றுதான் கேட்பேன். பக்கத்தில் தென்னந்தோப்பு உண்டா, யாராவது எள் விதைத்திருக்கிறார்களா, முருங்கை எந்த நிலையில் இருக்கிறது, கொத்தமல்லியை விதைக்கு விட்டிருக்கிறார்களா, தரிசில் தும்பை கிடக்கிறதா. கேட்கிறவருக்குச் சில நேரம் எரிச்சல் வந்துவிடும். "நான் என் தோட்டத்துக்குப் பெட்டி கேட்டா, நீங்க ஊர்க் கதையெல்லாம் கேக்கீங்களே அண்ணாச்சி" என்பார்கள். தேனீ பறக்கப் போவது ஊர் முழுக்க என்பதால் ஊர்க் கதை தெரியாமல் பெட்டியை ஏற்ற எனக்கு மனசு வராது.

தேனீக்கு எந்தப் பூ பிடிக்கும் என்று ஒரு பட்டியல் கேட்கிறவர்கள் நிறையப் பேர். விவசாயப் புத்தகங்களிலும் அப்படிப் பட்டியல்கள் இருக்கின்றன. அவை தப்பில்லை. ஆனால் இத்தனை வருஷம் பெட்டிகளோடு திரிந்த பிறகு எனக்குத் தெரிந்தது இதுதான்: தேனீக்கு நிரந்தரமாகப் பிடித்த பூ என்று ஒன்று கிடையாது. இந்த நேரத்தில், பறந்து போகும் தூரத்தில், கூட்டுக்கு இப்போது வேண்டியதை எது நன்றாகக் கொடுக்கிறதோ அங்கே போகும். நேற்று மொய்த்த பூவை இன்று திரும்பிக்கூடப் பார்க்காது.

எனக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். அந்தப் பகுதி திருவிதாங்கூரோடு இருந்த 1920-களில், ஒய்.எம்.சி.ஏ. வழியாக வந்த ஸ்பென்சர் ஹாட்ச் ஏழைக் குடும்பங்களுக்கு உபதொழிலாகத் தேனீ வளர்ப்பைச் சொல்லிக்கொடுத்தார். அதற்கும் முன்பே திருச்சிப் பக்கம் நியூட்டன் பாதிரியார் நம் நாட்டு அடுக்குத் தேனீயின் உடம்புக்கும் கூட்டத்துக்கும் ஏற்ற மாதிரி சின்னதாக ஒரு பெட்டி அமைத்திருந்தார். புழு அறையில் ஏழு சட்டம், அதன் மேல் தேனறை. இன்றும் நான் கையாளுவது அந்தப் பெட்டியைத்தான். தொழில் கற்றது மாமாவிடம். அவர் விடியும் முன் ரப்பர் பால்வெட்டுக்குப் போவார்; வெயில் ஏறியதும் பெட்டிகளைப் பார்ப்பார்.

பூவைப் பற்றி அவர் எனக்குச் சொன்ன முதல் பாடத்தில் பூவே கிடையாது. ரப்பர் மரம் மார்கழியிலும் தையிலும் இலை உதிர்த்துவிட்டுப் புதுத் துளிர் விடும். செம்பு நிறத் துளிர் விரிந்து வெளிறிய பச்சைக்கு வந்ததும் மாமா ஒரு கிளையை வளைத்துக் காட்டினார். ரப்பர் இலைக்கு ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகள். அவை சேருகிற இடத்தில், காம்பின் நுனியில், குண்டூசித் தலை அளவுக்குச் சின்னச் சின்னப் புடைப்புகள். ஒவ்வொன்றின் மேலும் பளபளவென்று ஒரு துளி. நாக்கில் வைத்தால் நல்ல இனிப்பு. கன்னியாகுமரி மாவட்டத்துத் தேனில் பெரும்பங்கு இந்த இலைக்காம்பில் இருந்து வருவதுதான். மாசி, பங்குனி இரண்டு மாதமும் எங்கள் தேனீக்கள் ரப்பர் தோட்டத்திலேயே கிடக்கும். அந்த நாளில் வீட்டுப் புறக்கடையில் பூசணி பூத்து நின்றாலும் தேனைத் தேடி ஒரு தேனீ வராது. பெட்டி இருப்பதோ பூசணிப் பந்தலுக்குப் பத்தடி தள்ளி.

அதே நாளில் அதே பெட்டியின் வாசலில் இன்னொன்றையும் கவனிக்கச் சொல்வார் மாமா. ரப்பர் இலையில் மகரந்தம் இல்லை. புழுக்களை வளர்க்க மகரந்தம் இல்லாமல் முடியாது. அதனால் காலையில் ஒரு கூட்டம் தென்னைக்குப் போய்ப் பின்னங்காலில் வெளிர்மஞ்சள் உருண்டைகளோடு திரும்பும். தென்னை மாதம் ஒரு பாளை விடுகிற மரம். ஒரு பாளையில் ஆண் பூக்கள் ஆயிரக்கணக்கில். வருஷம் முழுக்க மகரந்தம் தருவதில் அதற்கு நிகரில்லை. மழைக்காலத்தில் வேறு எதுவும் இல்லாதபோது தரையில் கிடக்கும் தொட்டாற்சிணுங்கிப் பூவையும் எங்கள் தேனீ விடாது. ஆகவே தேனீ எங்கே போகிறது என்று கேட்கும்போது, இனிப்புக்கா மகரந்தத்துக்கா என்று பிரித்துக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் இரண்டு கணக்கு.

இந்தக் கணக்கைக் கூடு எப்படிப் போடுகிறது என்பதை அறிவியல் தெளிவாகவே கண்டுபிடித்திருக்கிறது. நல்ல பூ கண்டுவந்த தேனீ அடையின் மேல் நடனமாடித் திசையையும் தூரத்தையும் சொல்கிறது என்று காட்டியவர் கார்ல் வான் ஃபிரிஷ். 1973-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டாவர் 1950-களில் இலங்கைக்கு வந்து, நம் அடுக்குத் தேனீ, கொம்புத்தேனீ, மலைத்தேனீ மூன்றும் ஆடுவதைப் பார்த்து எழுதினார். எனக்கு ரொம்பப் பயன்பட்டது அமெரிக்காவின் தாமஸ் சீலி செய்த ஒரு சோதனை. கூட்டுக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, ஒரே தூரத்தில் இரண்டு சர்க்கரைக் கிண்ணங்கள் வைத்தார். காலையில் தெற்கில் கெட்டிப் பாகு, வடக்கில் நீர்த்த பாகு. கூட்டம் தெற்கே திரண்டது. மதியம் கிண்ணங்களை மாற்றிவிட்டார். சில மணி நேரத்தில் கூட்டம் வடக்கே திரும்பிவிட்டது. இதற்கு ராணி உத்தரவு போடவில்லை. கெட்டியான தேனோடு வருகிறவளிடம் உள்ளே இருக்கும் தேனீக்கள் உடனே வாங்கிக்கொள்கின்றன, அவளும் நீண்ட நேரம் ஆடுகிறாள். நீர்த்த தேனோடு வருகிறவள் வாங்க ஆள் தேடி அலைகிறாள், ஆட்டமும் குறைந்துபோகிறது. இதைப் படித்த பிறகு, பெட்டி வாசலில் நான் பல வருஷம் பார்த்தும் புரியாத பல விஷயங்கள் புரிந்தன.

இப்போது காய்கறித் தோட்டத்துக்கு வருகிறேன். பங்குனி கடைசியில் ரப்பர் ஓய்ந்ததும் பெட்டிகளை ராதாபுரம், திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் முருங்கைக்குக் கொண்டுபோவது எங்கள் வழக்கம். அங்கேதான் பூசணி, வெள்ளரி, பாகல் போடுகிறவர்களோடு பழக்கம் உண்டானது.

பூசணிப் பூ விடியலுக்கு முன் விரியும். வெயில் ஏற ஏறச் சுருங்கி, பத்து பதினோரு மணிக்கு மூடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் வேலை முடிய வேண்டும். ஒருமுறை பூசணிக் கொடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஆண் பூவுக்குள் ஒரு தேனீயைப் பார்த்தேன். நடுவில் மகரந்தத் தண்டு நிற்கிறது. தேன் அதன் அடியில் ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் மறைந்திருக்கிறது. உள்ளே போக மெல்லிய பிளவுகள்தான் வழி. தேனீ தலையைக் கீழே கொடுத்து, தண்டைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு பிளவிலும் நாக்கை விட்டு உறிஞ்சியது. வெளியே வரும்போது முதுகு முழுக்க மஞ்சள். பிறகு இதழின் விளிம்பில் உட்கார்ந்து, காலால் உடம்பெல்லாம் வழித்து, அந்த மகரந்தத்தை அப்படியே கீழே உதிர்த்துவிட்டுப் பறந்துபோனது. பூசணி மகரந்தம் பெரிய மணி, மேலெல்லாம் முள். காலில் உள்ள கூடையில் அதை உருட்டி அடைக்கத் தேனீக்குச் சிரமம். வெண்டை, பருத்தி, செம்பருத்தி மகரந்தமும் அப்படித்தான். ஆகவே பூசணிக்குத் தேனீ வருவது தேனுக்காக மட்டும். வழித்த பிறகும் முதுகிலும் நெஞ்சிலும் ஒட்டியிருக்கிற மிச்சம்தான் அடுத்த பெண் பூவுக்குப் போகிறது. பெண் பூவில் தேன் அதிகம், எடுப்பதும் எளிது. அதனால் பெண் பூவில் தேனீ கூடுதல் நேரம் நிற்கும். விவசாயிக்கு இது நல்ல செய்தி.

வெள்ளரியும் பாகலும் வேறு மாதிரி. பூ சின்னது, மஞ்சள், திறந்த வாய். நம் அடுக்குத் தேனீக்கு நாக்கு நீளம் இத்தாலியத் தேனீயைவிடக் குறைவு. இப்படி ஆழமில்லாத பூ அதற்கு வாகாக இருக்கும். எங்கள் பக்கம் சிறுதேனீ என்று சொல்லும் கொசுத்தேனீயும் பாகலில் நன்றாக வேலை செய்யும். வெள்ளரியில் ஒரு பெண் பூவுக்குத் தேனீ ஒரு தடவை வந்தால் போதாது, பல தடவை வர வேண்டும். வராவிட்டால் பிஞ்சு நுனியில் சூம்பி, வளைந்து, சந்தையில் கழிவாகப் போகும். காய் வளைந்தால் உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் யூரியா போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். காலை எட்டு மணிக்குத் தோட்டத்தில் போய் நின்று பூவில் யார் வருகிறார்கள் என்று பார்த்திருந்தால் காரணம் தெரிந்திருக்கும்.

புடலையும் சுரையும் மாலையில் விரியும் வெள்ளைப் பூக்கள். அவை இருட்டில் வரும் அந்துப்பூச்சிகளை நம்பி இருப்பவை. சுரைப் பூவில் விடிகாலை மிச்சத்துக்குத் தேனீ வரும், அவ்வளவுதான். பீர்க்கு சாயங்காலம் விரியும்போது வெயில் இன்னும் இருந்தால் தேனீ போகும். புடலைக்காக என்னிடம் பெட்டி கேட்கிறவர்களிடம், ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நீங்களே ஒற்றுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

கத்தரிக்கு என்று கேட்டாலும் மாட்டேன் என்றுதான் சொல்வேன். கத்தரிப் பூவிலும் தக்காளிப் பூவிலும் தேன் இல்லை. மகரந்தம் இருக்கிறது, ஆனால் அது மகரந்தப் பைக்குள் பூட்டிக் கிடக்கிறது. பையின் நுனியில் சின்னத் துளை மட்டும். பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கிற வண்டுக்குத்தான் அந்தத் துளை வழியாக மகரந்தம் கொட்டும். உத்திரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் கருவண்டு அதைச் செய்யும். வயிற்றில் நீலப் பட்டை போட்ட ஒரு தனித்தேனீ உண்டு, மண் சுவரில் வளை போடும். அது கத்தரிப் பூவில் தொங்கிக்கொண்டு ரீங்கரிப்பதை ஓரடி தள்ளி நின்றே கேட்கலாம். என் பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. காற்றில் அசைந்தே கத்தரி ஓரளவு காய்த்துவிடும். கூடுதல் காய் வேண்டுமென்றால் பழைய மண் சுவரையும் காய்ந்த மரக்கட்டையையும் விட்டுவையுங்கள் என்பேன்.

இதற்கு நேர் எதிர் வாழை. எங்கள் ஊர் மட்டியோ செவ்வாழையோ, மடல் விரிந்த காலையில் பூவில் தேன் பிசுபிசுவென்று நிற்கும். தேன்சிட்டும் வரும், தேனீயும் மொய்க்கும். ஆனால் நாம் தின்கிற வாழைக்கு மகரந்தச் சேர்க்கை தேவையில்லை, விதையில்லாமலே காய் பெருக்கும். மக்காச்சோளம் காற்றாலும், நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலும் சூல்கொள்பவை. தேனீ அங்கே காலையில் மகரந்தத்துக்காகப் போகும், பயிருக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. தேனீயின் விருப்பமும் பயிரின் தேவையும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

அந்த இரண்டும் ஒத்துப்போகாத பயிர்களில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது வெங்காயம். கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டில் ஒருவர் விதை வெங்காயம் போட்டிருந்தார். குடை குடையாகப் பூ வெள்ளைவெளேர் என்று நின்றது. விதைக்கு மகரந்தம் பூ விட்டுப் பூ மாற வேண்டும்; ஒரு பூவில் ஆண் பகுதி முதலில் முற்றும், சூல்முடி பிறகுதான் தயாராகும். பெட்டிகளை இறக்கிவைத்தேன். சில நாளில் அவர் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, ஒங்க பூச்சி நம்ம காட்டுல நிக்கவே மாட்டேங்கு. காலைல எந்திச்சதும் வடக்காம பறந்து போயிருது."

"அது எங்க போகுதுன்னு பாத்துட்டுப் பேசுவோம்ணே" என்று போனேன்.

ஒரு சட்டத்தை நிழலில் எடுத்துப் பார்த்தபோது ஆட்டம் ஒரே திசையைச் சொன்னது. அந்தத் திசையில் நடந்தால் இரண்டு புஞ்சை தாண்டிக் கொத்தமல்லி. வயல் முழுக்க ரீங்காரம். தேனீக்குக் கொத்தமல்லியைப் போல வசதியான பூ குறைவு. உட்கார இடம், நாக்கு எட்டும் ஆழத்தில் தேன், ஒரு பூவில் இருந்து அடுத்த பூவுக்கு நடந்தே போகலாம். வெங்காயப் பூந்தேனிலோ பொட்டாசியம் மிக அதிகம். தேனீ அதை விரும்புவதில்லை என்று 1970-களிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வெயிலில் அந்தத் தேன் சீக்கிரம் கெட்டிப்படவும் செய்யும். வேறு எதுவுமே இல்லாவிட்டால் தேனீ வெங்காயத்தை எடுக்கும். கொத்தமல்லி இருக்கும்போது எடுக்காது. அவரிடம் இதை விளக்கி, கொத்தமல்லி காய் பிடிக்கும்வரை பொறுக்கச் சொன்னேன். அது பூ உதிர்த்ததும் வெங்காயத்தில் தேனீ வந்தது. அதற்குள் அவருடைய பூவில் பாதி முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு பெட்டி வைக்கும் நேரத்தை நான் மிகவும் கவனிக்கிறேன். பூ தொடங்கும் முன்பே பெட்டியைக் கொண்டுபோய் வைத்தால் தேனீ சுற்றுவட்டாரத்தில் வேறு ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததைச் சுலபத்தில் விடாது. ஒரு தேனீ ஒரு பயணத்தில் ஒரே வகைப் பூவுக்குத்தான் போகும், பெரும்பாலும் பல நாளுக்கு அதே பூவில் நிற்கும். பயிரில் பத்தில் ஒரு பங்கு பூத்த பிறகு, இரவோடு இரவாகப் பெட்டியைத் தோட்டத்துக்குள் இறக்க வேண்டும். புது இடத்தில் விடிந்ததும் அது முதலில் அருகில் இருப்பதையே சோதிக்கும். அந்த முதல் சில நாள்தான் விவசாயிக்கு முக்கியம். அடுத்தது, கூட்டில் புழு நிறைய இருக்க வேண்டும். புழுவுக்காக மகரந்தம் தேடுகிற தேனீ பூவுக்குள் நன்றாகப் புரளும். தேனுக்கு மட்டும் வருகிறவள் பல பூவில் பக்கவாட்டில் நுழைந்து போய்விடுவாள். கூட்டுக்குள்ளேயே சர்க்கரைப் பாகு வைத்தால் தேன் தேடும் வேலை குறைந்து மகரந்தத்துக்குப் போகிறவர்கள் கூடுவார்கள். நியூசிலாந்தில் கிவிப் பழத் தோட்டங்களில் இதைச் செய்கிறார்கள். கிவிப் பூவிலும் தேன் கிடையாது.

மருந்து அடிப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தேனீயைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு காலையில் மருந்து அடிப்பது கொலை. ஒரு தோட்டத்தில் வெண்டைக்கு அசுவினி மருந்தை எட்டு மணிக்கு அடித்தார்கள். மதியம் பெட்டி வாசலில் நாக்கை நீட்டியபடி செத்துக் கிடந்தவற்றைக் கையால் அள்ளி எடுத்தேன். அந்தக் கூடுகள் அந்தப் பருவத்தில் தேறவில்லை. "கத்தரிக்குத்தானே அடிச்சோம், கத்தரிக்குத் தேனீ வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்று இன்னொருவர் கேட்டார். கத்தரிக்கு வராது. ஆனால் கத்தரிச் செடிக்குக் கீழே களை பூத்திருந்தால் அதற்கு வரும், மருந்து அதன் மேலும் விழும். அடித்தே ஆக வேண்டும் என்றால் களையை எடுத்துவிட்டு, சூரியன் இறங்கிய பிறகு அடியுங்கள். பூசணியில் அன்றைய பூ அதற்குள் மூடியிருக்கும், மறுநாள் பூ இன்னும் திறந்திருக்காது.

வரப்பில் தேனீக்குப் பிடித்த செடி வையுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன், ஒரு நிபந்தனையோடு: அது பயிரோடு சேர்ந்து பூக்கக் கூடாது. வெள்ளரி பூக்கும்போது பக்கத்திலேயே எள் பூத்தால் தேனீ எள்ளுக்குத்தான் போகும். பயிருக்கு முன்னாலோ பின்னாலோ பூக்கிற மாதிரி விதைக்க வேண்டும். முன்னால் பூத்தால் கொசுத்தேனீயும் கொம்புத்தேனீயும் அங்கே குடிவந்து நிற்கும். பின்னால் பூத்தால் பயிர் முடிந்ததும் கூடு பட்டினி கிடக்காது, நானும் பெட்டியை அவசரமாகத் தூக்க வேண்டியதில்லை. துளசியும் கொடிரோஜாவும் நாள் கணக்கில்லாமல் பூத்துக்கொண்டே இருப்பவை. அவற்றை வீட்டோரம் வையுங்கள், வெள்ளரிக் காட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

ராதாபுரம் பக்கம் பாகல் போடும் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டார். பாகல் பந்தலுக்குக் கிழக்கே ஒரு துண்டு நிலத்தில், பாகல் பாதி பறித்த பிறகு எள் விதைத்திருக்கிறார். எள் இப்போது இரண்டு இலை விட்டிருக்கிறது. பாகல் பறிப்பு முடிய இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை தென்னையில் மகரந்தம் உண்டு. ஆகவே இந்தத் தடவை பெட்டிகளை மார்த்தாண்டத்துக்குத் திருப்பி ஏற்றவில்லை, அங்கேயே விட்டுவந்திருக்கிறேன். வாரம் ஒருமுறை போய் ஒவ்வொரு பெட்டியிலும் நடுச் சட்டத்தை எடுத்துப் புழுவையும் மகரந்தத்தையும் பார்த்துவிட்டு வருகிறேன்.